எந்தப் பக்கத்து ஆள்?

தமிழில் விமர்சனம் எழுதுகிறவனிடம் 'உங்க வீட்ல தெலுங்கா?' என்று கேட்பது விசாரிப்பு அல்ல, சந்தேகம். கவிதையின் வடிவம் பற்றி இரண்டு மணி நேரம் பேசியவர்கள்தான் கூட்டம் முடிந்ததும் இதைக் கேட்கிறார்கள். மழுப்பாமல் பதில் சொல்லிவிட உத்தேசம்.

பொதட்டூர்பேட்டையில் அப்பா வீட்டில் தமிழ். அம்மாவுக்கு நகரி, அங்கே தெலுங்கு. நடுவே ஒரு மாநில எல்லை. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி, சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடினார்கள். படாஸ்கர் சொன்ன ஏற்பாட்டின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. பதிலுக்கு சத்தியவேடு பக்கம் அங்கே போயிற்று. குழித்தறியை விட்டு எழுந்திராமலே தாத்தா ராஜ்யம் மாறி ராஜ்யம் வந்திருக்கிறார். போராட்டம் நியாயமானது, தமிழ் பேசுகிற ஊருக்குத் தமிழில் நிர்வாகம் வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ரெவின்யூ ரிக்கார்டுக்காகப் போட்ட கோட்டை இலக்கியத்துக்குள் இழுத்துவந்து ரத்தப் பரிசோதனை நடத்துவதில்தான் ஆட்சேபம்.

நகரியில் அவ்வா தெலுங்கில் எண்ணுவாள், தமிழில் திட்டுவாள். முருகனிடம் வேண்டுதல் மட்டும் எந்த மொழி என்று தீர்மானமாகச் சொல்லமுடியாது. உடனே 'பாவும் ஊடையும் போல' என்று உவமைக்குப் பாயவேண்டாம். தறி பார்த்திராதவர்கள் செய்கிற காரியம் அது. தறியில் எது பாவு, எது ஊடை என்று எந்த நெசவாளிக்கும் தெரியும். அவ்வாவின் பேச்சில் அப்படிப் பிரித்துக் காட்ட முடியாது.

பிராகில், செக் மொழிக்காரர்கள் நடுவே, ஜெர்மனில் எழுதிய யூதன் என்று காஃப்காவைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறோம். தூரத்தில் நடந்தால் அது பிரக்ஞையின் சிக்கல். நகரி பஸ்ஸில் வந்து இறங்கினால் கலப்படம். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) தெலுங்கு தேசத்திலிருந்து ஓடிவந்தவர்களின் கதை. அதைக் 'கரிசல் இலக்கியம்' என்று பெயரிட்டு மண்ணைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். அந்த மண்ணில் நின்றவர்களின் வாயிலிருந்த மொழி நமக்கு சௌகரியப்படவில்லை. 1993இல் 'காதுகள்' நாவலுக்காக சாகித்ய அகாதமி பரிசு பெற்ற எம்.வி. வெங்கட்ராமின் வீட்டு மொழி சௌராஷ்டிரம். அவருடைய தமிழ் நன்றாயிருக்கிறது என்று சர்டிஃபிகேட் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்டிஃபிகேட் தர இவர்கள் யார்? தஞ்சையில், பிரதாபசிம்மன் காலத்தில், தெலுங்கில் காவியம் எழுதிய முத்துப்பழனி நம் இலக்கிய சரித்திரத்தில் சேர்த்தியா என்று இவர்களைக் கேட்டால் மௌனம்.

எதிர்த்தரப்பும் எனக்கு உதவாது. விஜயநகரத்திலிருந்து வம்சாவளி வரைந்து சுவரில் மாட்டும் சாதிச் சங்கத்தாருக்கு அப்பா வீட்டுத் தமிழை எங்கே வைப்பது என்று தெரியாது. வேர் தேடுவதாகச் சொல்லிப் பாதி மரத்தை வெட்டுகிறார்கள். வீட்டில் தெலுங்கு பேசிவிட்டு, மேடையில் சங்ககாலப் புனைபெயரில் முழங்குகிறவர்களோ இன்னும் மோசம். பாங்க் கவுண்டரில் தெலுங்கில் கையெழுத்துப் போடுகிறவரின் பணத்தை நான் அப்படியே எண்ணி வாங்கிக்கொள்கிறேன். எங்கள் ஹெட் ஆபீசுக்குள்ள நிதானம்கூட இலக்கியவாதிகளிடம் இல்லை.

சென்சஸில் தாய்மொழிக்கு ஒரே பெயர்தான் எழுதிக்கொள்வார்கள். என் தாயின் மொழி தெலுங்கு. அதை எனக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு எழுத வருவது தமிழ். அவ்வாவின் வாக்கியங்களை இனி அவள் சொன்னபடியே என் கட்டுரைகளில் போடப்போகிறேன். அடிக்குறிப்பு கிடையாது.