கோபி போச்சு... திருப்பூர் வந்துச்சு! ஒரே மாவட்டத்துக்கு 5 எம்.பி.க்கள் வந்த கதை

திருப்பூர்: "நம்ம எம்.பி. யாருங்க?" திருப்பூர் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஊருக்கு ஊர் வேற பதில் கிடைக்கும். பல்லடத்துக்காரர் கோவை எம்.பி.யைச் சொல்வார். அவிநாசிக்கு நீலகிரி எம்.பி. காங்கயம், தாராபுரத்துக்கு ஈரோடு. உடுமலை, மடத்துக்குளத்துக்கு பொள்ளாச்சி. மாவட்டத்தின் 8 சட்டசபை தொகுதிகளில் திருப்பூர் வடக்கு, தெற்கு இரண்டுக்கு மட்டும்தான் திருப்பூர் எம்.பி.!

இந்தக் குழப்பத்துக்கு காரணம், இன்று இல்லாத கோபிசெட்டிபாளையம் எம்.பி. தொகுதி.

அ.தி.மு.க. கோட்டை

கோபி தொகுதி சாதாரண தொகுதி இல்லை. 1980 எம்.பி. தேர்தலில் தமிழகம் முழுக்க தோற்ற அ.தி.மு.க.வுக்கு கைகொடுத்தது கோபியும் சிவகாசியும் மட்டுமே. 2004-ல் இங்கு கடைசியாக வென்றவர் காங்கிரசின் ஈ.வி.கே.எஸ். இளங்கோவன். மத்திய ஜவுளித்துறை இணை அமைச்சராகவும் இருந்தார். ஆனால் பனியன் நகரமான திருப்பூர் அப்போது அவர் தொகுதியில் இல்லை. கோவை தொகுதியில் இருந்தது!

2008 மறுவரையறையில் கோபி எம்.பி. தொகுதி நீக்கப்பட்டது. திருப்பூர் என்ற பெயரில் புது தொகுதி வந்தது. உள்ளே பார்த்தால் பாதிக்கு மேல் பழைய சரக்குதான். கோபி, பவானி, அந்தியூர், பெருந்துறை நாலும் அப்படியே. சத்தியமங்கலம், பவானிசாகர் போய், திருப்பூர் வடக்கும் தெற்கும் சேர்ந்தன. அவ்வளவுதான்.

கோடு முதல்ல, மாவட்டம் பிறகு

தொகுதிக்கு கோடு போட்டபோது திருப்பூர் மாவட்டமே கிடையாது. கோவை, ஈரோடு மாவட்டங்களைப் பிரித்து அது உதயமானது 2009 பிப்ரவரியில். அதற்குள் தொகுதி எல்லை முடிவாகிவிட்டது. மாவட்டம் ஒன்றானது, ஓட்டு 5 திசையில் சிதறியது.

புது தொகுதியில் 2009-ல் சி.சிவசாமி, 2014-ல் வி.சத்தியபாமா என அ.தி.மு.க.வே வென்றது. 2019, 2024-ல் இந்திய கம்யூனிஸ்டின் கே.சுப்பராயன் ஜெயித்தார். 1996-ல் பழைய திருப்பூர் சட்டசபை தொகுதியில் வென்றவரும் இவரே.

யாரிடம் போவது?

நஷ்டம் யாருக்கு? பனியன் தொழில் திருப்பூர் மாநகரோடு முடிவதில்லை. அவிநாசி, பல்லடம் வரை கம்பெனிகள் பரவிக் கிடக்கின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அடி எல்லோருக்கும் ஒன்றுதான். டெல்லியில் பேச வேண்டியவர்கள் மட்டும் வேறு வேறு எம்.பி.க்கள். திருப்பூர் எம்.பி.க்கோ பனியனோடு அந்தியூர் மலைக்கிராமம், பவானி ஜமுக்காளம், கோபி நெல் வயல் எல்லாம் சேர்ந்த பொறுப்பு.

அஞ்சு எம்.பி. இருந்தால் அஞ்சு குரல்தானே என்பார்கள். சேர்ந்து பேசினால் பலம். பேசாவிட்டால் 'அது அவர் ஏரியா' என்று கை காட்ட வசதி!

தொகுதி மறுவரையறையில் தமிழகத்துக்கு எத்தனை சீட் என்பதே பெரிய பேச்சு. திருப்பூர்காரர்கள் கூடவே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அடுத்த முறையாவது கோடு எங்கே விழும்?