நம்பர் பிளேட் இல்லாத வண்டிகள்

மாலையில் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நின்று பாருங்கள். டியூஷன் பையோடு ஒரு பள்ளிக்கூடப் பையன், பின்னால் தங்கை. இருவருக்கும் ஹெல்மெட் இல்லை. மின்சார ஸ்கூட்டர் சி.டி.எச். சாலையில் ஏறுகிறது. வலப்பக்கம் உரசினாற்போல் கண்டெய்னர் லாரி.

வண்டிக்கு நம்பர் பிளேட்டும் இல்லை. சட்டமே அதற்கு இடம் தருகிறது. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகம், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குள் எடை என்றால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸ், பதிவு, இன்ஷூரன்ஸ் எதுவும் வேண்டாம். தெருமுனைக் கடைக்குப் போய்வர இது போதும். ஆவடி–பூந்தமல்லி சாலையில் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே அந்த வேகத்தில் ஊர்வதே ஆபத்து. நிறுத்தத்தில் பேருந்துக்கு இடப்பக்கமாக ஓசையில்லாமல் நுழைந்தால், இறங்குகிற பாட்டிக்கு எப்படித் தெரியும்?

இதைவிடக் கொடுமை, வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு ஓட்டுவது. 25-ஐத் தாண்டக்கூடிய வண்டிக்கு அந்த விலக்கு பொருந்தாது. ஆனால் இன்ஷூரன்ஸ் இல்லாததால், அடிபட்டவர் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியதுதான். பையனைப் பிடித்து அபராதம் போட்டால் மட்டும் போதாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், விதியை மீறி வண்டியை மாற்றி விற்கும் டீலருக்கு வண்டிக்கு 1 லட்சம் ரூபாய் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ விதிக்க வழிசெய்கிறது. அதைக் கடைகளில் போய்ச் செயல்படுத்துங்கள். பெற்றோரும், சட்டம் கேட்காவிட்டாலும், இரண்டு ஹெல்மெட் வாங்கிக் கொடுக்கட்டும்.