விருந்து அவர்களுக்கு, வட்டி நமக்கா?

1972 நவம்பர் 7 அன்று, அமெரிக்காவின் கொலராடோ மாநில மக்கள் ஒரு கேள்விக்கு வாக்குச்சீட்டில் விடையளித்தனர். 1976ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தும் உரிமையை அம்மாநிலத் தலைநகரான டென்வர் முன்னரே பெற்றிருந்தது. அதற்கு மாநில அரசின் பணத்தைச் செலவிடலாமா என்பதே கேள்வி. ஏறத்தாழ 60 சதவீதத்தினர் கூடாது என்றனர். வரிச்சுமை ஏறும், மலைகள் பாழாகும், ஆதாயமோ நில வணிகர்களுக்கும் விடுதி முதலாளிகளுக்கும்தான் போகும் என்ற வாதம் வென்றது. டென்வர் போட்டியைத் திருப்பிக் கொடுத்தது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் அதை ஏற்று நடத்தியது. 2018இல் கனடாவின் கால்கரி நகர மக்களும் 2026 குளிர்கால ஒலிம்பிக் வேண்டாமென்றே வாக்களித்தனர்.

இவையெல்லாம் வசதி படைத்த நாடுகள். அங்கேயே மக்கள் கணக்குக் கேட்கிறார்கள். 2026 காமன்வெல்த் போட்டியை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2023இல் கைவிட்டது. 2030 போட்டிக்கான முயற்சியிலிருந்து கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலம் அதே ஆண்டில் விலகிக்கொண்டது. அந்த 2030 போட்டிதான் இன்று அகமதாபாத்துக்கு வந்திருக்கிறது. அடுத்து 2036 ஒலிம்பிக்குக்கும் இந்திய ஒலிம்பிக் சங்கம் விருப்பக் கடிதம் கொடுத்துவிட்டது. எந்த மக்களிடம் கேட்டார்கள்? எந்த வாக்குப்பெட்டி வைத்தார்கள்?

நாட்டின் பெருமை என்பார்கள். அந்தப் பெருமையின் விலையைத் தில்லி அறியும். 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் குடிசைகள் இடிக்கப்பட்டன. பட்டியல் சாதி மக்களுக்கான சிறப்புக் கூறு திட்ட நிதியிலிருந்து சுமார் 700 கோடி ரூபாய் போட்டிச் செலவுக்குத் திருப்பிவிடப்பட்டது. அரங்கம் கட்டிய தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூட முறையாகக் கிடைக்கவில்லை என்று உயர்நீதிமன்றம் அமைத்த குழுவே கண்டறிந்தது. மறு ஆண்டு தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்கென டேராடூனில் கட்டிய பனித்தள அரங்கம் போட்டி முடிந்ததும் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது.

பெங்களூருக்கும் இந்தக் கதை புதிதன்று. 1997 தேசிய விளையாட்டுக்காகக் கோரமங்களாவில் எழுந்த வீரர் குடியிருப்பு, பின்னர் வசதியுள்ளோர் வாங்கும் அடுக்குமாடி வீடுகளாயிற்று. அதன் அருகிலுள்ள ஈஜிபுராவில் ஏழைகளுக்கென அரசு கட்டிய குடியிருப்போ இடிந்து விழும் நிலைக்கு விடப்பட்டது. 2013 ஜனவரியில் காவல்துறையின் துணையுடன் சுமார் 1,500 குடும்பங்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டன. விளையாட்டு வீரர்களுக்கு ஒரு மாதம் தங்க வீடு கட்ட முடிந்த நகரத்தில், அந்நகரைத் துப்புரவு செய்யும் மக்களுக்கு இடமில்லை.

இனி, ஸ்ரீராம்புரத்தின் தெருக்களிலிருந்து இதைப் பாருங்கள். தலைமுறைகளாகத் தமிழ் உழைப்பாளர் குடும்பங்கள் வாழும் பகுதி இது. இங்கே பிள்ளைகள் வாகனங்களுக்கு நடுவே சந்துகளில்தான் பந்து விளையாடுகிறார்கள். தம் வார்டுக்கு ஒரு மைதானம் வேண்டுமென்று பெற்றோர் யாரிடம் கேட்பது? 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் கடந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. காங்கிரஸ், பாஜக என்று ஆட்சி மாறியது. அதிகாரிகளின் ஆட்சி மாறவில்லை. சாக்கடைக்கும் தெருவிளக்கும்கூட வாக்களிக்கும் உரிமையற்ற மக்களிடம், பல்லாயிரம் கோடி ஒலிம்பிக் செலவைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

விளையாட்டை நாம் எதிர்க்கவில்லை. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் ஓடவும் ஆடவும் வெல்லவும் வேண்டும் என்பதாலேயே பேசுகிறோம். பதக்கம் திறப்பு விழா மேடையில் பிறப்பதில்லை. வார்டு மைதானத்திலும், பயிற்சியாளர் உள்ள அரசுப் பள்ளியிலும், வயிறு நிறைந்த குழந்தையிடமும் பிறக்கிறது.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. 2036 ஒலிம்பிக்குக்கான செலவு, கடன், நிலக் கணக்கு முழுவதையும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். போட்டியின் பெயரால் ஒரு குடும்பம்கூட வெளியேற்றப்படக் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் நிதியில் ஒரு ரூபாயும் திருப்பப்படக் கூடாது. பெங்களூரில் உள்ளாட்சித் தேர்தலைத் தாமதமின்றி நடத்த வேண்டும். டென்வர் மக்கள் பெற்றிருந்த உரிமை, வேண்டாம் என்று சொல்லும் உரிமை, நமக்கும் வேண்டும். அதைக் கொடுக்கும்வரை கேட்போம். கொடுக்க மறுத்தால் போராடிப் பெறுவோம்.