காலி டேங்க் ஜாக்கிரதை!

சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் பழைய மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் லேசில் சாவதில்லை. சும்மா நிறுத்தினால்தான் வினை. பாதி காலியான டேங்க்கில், ராத்திரி குளிருக்குக் காற்றிலிருக்கும் ஈரம் வேர்த்து, டீசலுக்கு அடியில் போய் உட்காரும். அப்புறம் துரு, ஃபில்டர் அடைப்பு, பம்ப் காலி.

அண்ணனூர் மெக்கானிக் ஒருவரின் வைத்தியம் சுலபம். டீசலை வடித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, எலுமிச்சை உப்புக் கரைசலும் ஒரு கைப்பிடி நட்டும் போட்டுக் குலுக்கல். ஒரு ராத்திரி ஊறல். சோடா உப்புத் தண்ணீரில் அலசல். காய்ந்த கையோடு டீசல். தாமதித்தால் மறுபடி துரு. பாத்ரூம் ஆசிட் கூடாது. தகரத்தையும் தின்றுவிடும்.

"ஓட்டை இருந்தா வெல்டிங் வெச்சிடலாமா?" என்றேன்.

"சார், ரொம்பின டேங்க்கைவிட காலி டேங்க்தான் வெடிக்கும்!"

வாஸ்தவம். வெடிப்பது திரவமல்ல; ஆவியும் காற்றும் சேர்ந்த கலவை.

ஐம்பது ரூபாய் பெட்ரோலில் ஆபீஸ் போகும் நண்பர்களே, பைக்கை நிறுத்திவிட்டு ஊருக்குப் போகும்போது டேங்க்கை ரொப்பிவிடுங்கள். மாசக் கடைசியில் எப்படி என்கிறீர்களா? புது டேங்க் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.