வளையம் இல்லாத கிளியும், பொந்து இல்லாத கன்றும்

கிட்வாய் நகர் பக்கம் கேமராவோடு திரியும் நம்மவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். கழுத்தில் வளையம் போட்ட பச்சைக்கிளியை மட்டும் எடுத்துவிட்டு, பக்கத்தில் வெறுங்கழுத்தோடு இருப்பதை "இது வேற ஜாதி" என்று தள்ளிவிடுகிறார்கள். ஐயா, அது அவரோட வீட்டம்மா! இல்லையென்றால் பிள்ளை. கறுப்பும் ரோஸுமான அந்த வளையம் வளர்ந்த ஆணுக்குத்தான், அதுவும் வர மூணு வருஷம் ஆகும். வேற ஜாதி வேண்டுமென்றால் தோளைப் பாருங்கள். சிவப்புத் திட்டு இருந்தால் பெரிய பச்சைக்கிளி.

சரி, இதுங்க குடியிருக்க இடம்? பழைய மரத்துப் பொந்துதான். பெரும்பாலும் குக்குறுவானோ மரங்கொத்தியோ குடைந்து விட்டுப்போனது. லோதி தோட்டத்துக் கல்லறைச் சுவர் ஓட்டைகள் எத்தனை கிளிக்குக் காணும்?

2018 ஜூனில் சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகரில் குவார்ட்டர்ஸ் இடித்துக் கட்ட ஆயிரக்கணக்கில் மரம் வெட்டக் கிளம்பினார்கள். ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், ஹைகோர்ட் இடைக்காலத் தடை போட்டது. அப்போது சொன்ன சமாதானம்: ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று.

பேங்க்காரன் கேட்கிறேன், இது என்ன கணக்கு? ஐம்பது வருஷத்து வேம்பை ரைட்-ஆஃப் பண்ணிவிட்டு, பத்துக் குச்சியை வரவு வைப்பீர்களா? எந்த ஆடிட்டர் ஒத்துக்கொள்வார்? குச்சியில் பொந்து விழும்வரை கிளி எங்கே போய் முட்டையிடும்?

பிப்ரவரி, மார்ச்சில் கேமராவைத் தூக்கினால் கிளியோடு நிறுத்தாதீர்கள். பொந்து தெரிகிற மாதிரி மரத்தையும் எடுங்கள், தேதியோடு. "இங்கே பறவையே இல்லையே" என்று யாராவது கோடாலியோடு வந்தால் நீட்டலாம்.