எங்க சர்வே நம்பர் உங்களுக்குத் தெரியும், உங்க எண்ணெய்க்கு ஊர் எது?

நகரத்து நண்பர்களிடமிருந்து எனக்கு வருகிற வாட்ஸப் ஃபார்வர்டுகளில் ஒரு வகை உண்டு. உலகத்தில் எங்கேயாவது சண்டை மூண்டால் போதும், வந்துவிடும். "இந்தக் கம்பெனி பங்க்கில் பெட்ரோல் போடாதீங்க, அவன் அந்த நாட்டு எண்ணெய் வாங்கறான். அந்தக் கம்பெனி பங்க்கில் போடுங்க, அது நம்ம எண்ணெய்." கீழே நாலு கம்பெனி பேர், நாலு கொடி, கை கூப்புகிற படம். இதே மாதிரி ஒரு பட்டியல் அமெரிக்காவில் இருபது வருஷத்துக்கு முன்னாடியே மின்னஞ்சலில் சுற்றியது. பேரை மட்டும் மாற்றி நம்ம ஆளுங்க ஓட்டிட்டு இருக்காங்க.

இந்த ஃபார்வர்டு சுத்தப் பொய். ஆனா அதுக்குள்ள இருக்கிற கேள்வி பொய் கிடையாது. எண்ணெய் எந்த ஊரிலிருந்து வருது, யார் வாங்கறாங்க என்பது கேட்க வேண்டிய கேள்வி. அதை பங்க்கில் குழாய் பிடிச்சு நிற்கிற பையனிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. கம்பெனியிடமும் அரசாங்கத்திடமும் கேட்கணும்.

முதல்ல, ஃபார்வர்டு ஏன் பொய் என்று பார்த்துடலாம்.

பால் சொசைட்டியில் காலையில் நாற்பது பேர் பால் ஊற்றுகிறோம். கேனுக்குள் போன பிறகு எது என் மாட்டுப் பால், எது பக்கத்துத் தோட்டத்து மாட்டுப் பால் என்று ஆண்டவனே இறங்கி வந்தாலும் பிரிக்க முடியாது. அது குளிரூட்டும் நிலையத்துக்குப் போய், இன்னும் நூறு ஊர்ப் பாலோடு கலந்து, உங்க வீட்டு வாசலுக்குப் பாக்கெட்டாக வருது. கச்சா எண்ணெயும் அப்படித்தான். நம்ம நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளியிலிருந்து கப்பலில் வருது. ஈராக்கின் பஸ்ரா, சவூதியின் அரபு லைட், அபுதாபியின் மர்பன், ரஷ்யாவின் யூரல்ஸ் என்று ரகரகமாக இருக்கு. சொசைட்டியில் கொழுப்புச் சத்து பார்த்து விலை போடுகிற மாதிரி, அங்கே அடர்த்தியும் கந்தகமும் பார்த்து விலை. ஆலைக்காரர்கள் தங்கள் ஆலைக்கு ஒத்து வருகிற மாதிரி பல ரகத்தையும் கலந்துதான் காய்ச்சுகிறார்கள்.

அதுக்கப்புறமும் கலப்பு நிற்பதில்லை. கோயமுத்தூர் இருகூருக்கும் கரூருக்கும் கொச்சி ஆலையிலிருந்து குழாய் வழியாகப் பெட்ரோலும் டீசலும் வருது. திருச்சிக்கும் மதுரைக்கும் மணலியிலிருந்து குழாய். மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களும் ஒருத்தர் ஆலைச் சரக்கை இன்னொருத்தர் எடுத்துக்கொள்கிற ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். இந்துஸ்தான் பெட்ரோலியத்துக்குத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆலை கிடையாது, ஆனா பங்க் எத்தனை இருக்கு பாருங்க. ஷெல்லுக்கு இந்தியாவிலேயே சுத்திகரிப்பு ஆலை கிடையாது. போர்டு வேற, மேலே சேர்க்கிற மருந்து வேற. உள்ளே இருக்கிற எண்ணெய்க்கு ஜாதகம் பார்க்க முடியாது.

"நம்ம எண்ணெய்" என்கிற பேச்சுக்கு மணலி ஒன்றே போதும். 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் தொடங்கினபோது அதில் மூணு கூட்டாளிகள். இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனி. ஈரான் எண்ணெயைக் காய்ச்சுவதற்கென்றே வடிவமைத்த ஆலை அது. அமோகோ பிறகு விலகிக்கொண்டது. ஈரான் கம்பெனியின் கிளை நிறுவனம் மட்டும் 15 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்கை வைத்துக்கொண்டு நீடித்தது. ஆனா அமெரிக்கா தடை போட்டு, கொடுத்திருந்த விலக்கையும் எடுத்ததும், 2019 மே மாதத்தோடு ஈரான் எண்ணெய் வாங்குவதை இந்தியா நிறுத்தியது. பங்காளி ஈரான், எண்ணெய் வேற ஊருது. அந்தப் பக்கம் குஜராத் வாடினாரில் இருக்கிற நயாரா ஆலையில் 49 சதவீதம் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் கையில் இருக்கு. இதில் எதுக்குக் கொடி குத்துவீங்க?

ஆக, பங்க்கைப் புறக்கணிக்கிற வீரம் வீண். சரி, அப்போ எண்ணெய் எங்கிருந்து வந்தா நமக்கென்ன என்று விட்டுடலாமா? அங்கேதான் எனக்குக் கோபம் வருது. எங்கிருந்து வருது என்பதற்கு விலை கொடுத்தது நாமதான்.

உக்ரைன் போர் 2022 பிப்ரவரியில் தொடங்குவதற்கு முன், நம்ம இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஐரோப்பா வாங்க மறுத்ததும் ரஷ்யா தள்ளுபடியில் விற்றது, நாம வாங்கினோம். 2023-24இல் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. மலிவாகக் கிடைக்கிற இடத்தில் வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. விவசாயி அப்படிச் சொன்னா ஊர் சிரிக்கும். போர் நடத்துகிறவனிடம் வாங்கலாமா என்கிற நியாயமும் இதில் இருக்கு, அதைப் பேசத்தான் வேணும். ஆனா நமக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன? இந்திய மக்களுக்கு மலிவான எரிபொருள் வேண்டும் என்பது. அந்த மலிவு எங்கே போச்சு?

நியாயமாகப் பேசிடறேன். 2022இல் உலக விலை எகிறினபோது பங்க் விலையை ஏற்றாமல் வைத்ததால் அரசு நிறுவனங்கள் சில மாதம் நஷ்டத்தில் விற்றன. மத்திய அரசும் அந்த மே மாதம் கலால் வரியில் பெட்ரோலுக்கு 8 ரூபாய், டீசலுக்கு 6 ரூபாய் குறைத்தது. ஆனா அடுத்து நடந்ததையும் பாருங்க. 2023-24இல் மூன்று அரசு நிறுவனங்களின் நிகர லாபம் சேர்த்து ஏறக்குறைய 81,000 கோடி ரூபாய். நமக்கு வந்த குறைப்பு, 2024 மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னால், லிட்டருக்கு 2 ரூபாய். 2025 ஏப்ரலில் உலக விலை இறங்கினபோது கலால் வரியை 2 ரூபாய் ஏற்றினார்கள். பங்க்கில் விலை அசையவில்லை. 2020 மே மாதம் கொரோனாவில் உலக விலை தரையில் கிடந்தபோது ஒரே ராத்திரியில் டீசலுக்கு 13 ரூபாய், பெட்ரோலுக்கு 10 ரூபாய் வரி ஏற்றியதும் இதே கதைதான். பெட்ரோல் விலையை 2010இலும் டீசல் விலையை 2014இலும் சந்தைக்கு விட்டாச்சு என்றார்கள். ஏறும்போது சந்தை, இறங்கும்போது கஜானா.

தனியார் பக்கமும் அதே. 2022 ஜூலையில் டீசல் ஏற்றுமதிக்கு லிட்டருக்கு 13 ரூபாய் வரி போட்டது அரசு. அதிர்ஷ்ட லாபம் கொட்டுது என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டதுக்கு இதைவிட அத்தாட்சி எதுக்கு? 2024 டிசம்பரில் அந்த வரியையும் எடுத்துட்டாங்க.

எங்களுக்கு மோட்டார் கரண்ட் இலவசம் என்று அடிக்கடி சொல்லிக்காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிராக்டர் கரண்டில் ஓடாது. உழவு, ரொட்டவேட்டர், அறுவடை மெஷின், மார்க்கெட்டுக்குப் போகிற டெம்போ எல்லாம் டீசல். டீசல் ஏறினபோது உழவு வாடகை ஏறிச்சு. 2 ரூபாய் குறைஞ்சபோது வாடகை இறங்கலை. டிராக்டர்க்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் டயர், தவணை எல்லாம் இருக்கு.

இன்னொரு அடி 2025இல் விழுந்தது. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று காரணம் சொல்லியே அமெரிக்கா நம்ம சரக்குக்குக் கூடுதலாக 25 சதவீதம் வரி போட்டது. ஏற்கனவே போட்ட 25ஐயும் சேர்த்து ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதம். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு அது எப்படிப்பட்ட செய்தி என்று கொங்கு நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த மாதமே மத்திய அரசு, ஜவுளித் தொழிலுக்குப் பஞ்சு மலிவாகக் கிடைக்கட்டும் என்று பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை எடுத்தது. வருஷக் கடைசி வரைக்கும் வெளிநாட்டுப் பஞ்சு வரியில்லாமல் உள்ளே வந்தது. அது நம்ம பருத்திக்காரன் பஞ்செடுத்து விற்கிற நேரம்.

கோர்த்துப் பாருங்க. எங்கேயோ ஒரு துறைமுகத்தில் எந்த நாட்டு எண்ணெய் இறங்குது என்கிற முடிவு, திருப்பூர் தையல் மெஷின் வழியாகப் பருத்திக் காட்டுக்கு வந்து நிற்குது. தள்ளுபடி எண்ணெய் வாங்கின கம்பெனிக்கு ஆதாயம், வரி வாங்கின அரசுக்கு ஆதாயம், அடி மட்டும் எண்ணெய் வாங்காதவனுக்கு. இந்த முடிவை எடுத்தது எந்தெந்தக் கம்பெனி, எவ்வளவு வாங்கினது என்று தெரிஞ்சுக்க நமக்கு உரிமை இல்லையா?

இல்லை என்பதுதான் நிலைமை. நாடுவாரியாக மொத்தக் கணக்கு வணிகத் துறையில் கிடைக்கும். எந்தக் கம்பெனி, எந்த நாட்டில், எவ்வளவு வாங்கினது என்று மாசாமாசம் மக்கள் பார்வைக்கு வருவதில்லை. பேப்பரில் நீங்க படிக்கிற விவரமெல்லாம் பெரும்பாலும் கப்பல்களைப் பின்தொடர்ந்து கணக்குப் போடுகிற வெளிநாட்டுத் தனியார் நிறுவனங்கள் சொன்னது. நம்ம வீட்டுக் கணக்கை அடுத்த தெருக்காரன் சொல்லித் தெரிஞ்சுக்கிறோம்.

விவசாயியிடம் மட்டும் எல்லாக் கணக்கும் கேட்பாங்க. நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனா சிட்டா, அடங்கல் வேணும். ஏற்றுமதித் திராட்சைக்கு எந்தத் தோட்டத்தில் பறித்தது என்பது வரைக்கும் பதிவு இருக்கு. சந்தையில் தக்காளி வாங்குகிற நீங்களும் எந்த ஊர்க்காய், மருந்து அடிச்சதா என்று கேட்கிறீங்க. கேளுங்க, அது உங்க உரிமை.

இதில் பெரிய வேடிக்கை குழாய்தான். இருகூரிலிருந்து பெங்களூரு பக்கம் தேவனகொந்திக்குப் பெட்ரோலியக் குழாய் பதிக்கிற திட்டம், வயக்காட்டு வழியா வேண்டாம், ரோட்டோரமாகக் கொண்டுபோங்க என்று கோவை, திருப்பூர் மாவட்ட விவசாயிகள் போராடுகிற திட்டம். 1962ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கு. அதன்படி நிலம் உங்க பேரில்தான் இருக்கும். ஆனா குழாய் போகிற இடத்தில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. உரிமையை எடுத்துக்கொள்வதுக்கு நில மதிப்பில் 10 சதவீதம் இழப்பீடு. அப்படிக் குழாய் பதிக்கிறதுக்கு முன்னால் அரசிதழில் கிராமம் கிராமமாக, சர்வே நம்பர் வாரியாக, எத்தனை சென்ட் என்று அச்சடிச்சு ஊருக்கே சொல்றாங்க. மண்ணுக்கு மேலே இருக்கிறவன் விலாசம் சென்ட் கணக்கில் வெளியே தெரியணும். மண்ணுக்குக் கீழே ஓடுகிற எண்ணெயின் விலாசம் மட்டும் கம்பெனி ரகசியமா?

வியாபார ரகசியம், பேரம் கெட்டுப்போகும் என்று பதில் வரும். நான் கப்பல் விலையைக் கேட்கவில்லை. கம்பெனி பேர், நாடு, அளவு, இறக்கின துறைமுகம், இவ்வளவுதான். அதுவும் சரக்கு இறங்கி ஓரிரு மாசம் கழிச்சுச் சொன்னா போதும். அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் மாதாமாதம் இதைத்தான் வெளியிடுகிறது. எந்தக் கம்பெனி, எந்த நாட்டிலிருந்து, எந்தத் துறைமுகத்தில், எத்தனை பீப்பாய், கந்தகம் எவ்வளவு என்பது வரைக்கும் யார் வேணும்னாலும் எடுத்துப் பார்க்கலாம். அதனால் அங்கே எந்த எண்ணெய்க் கம்பெனியும் கடையை மூடிட்டுப் போயிடலை.

அதனால் என் கோரிக்கை ரெண்டே ரெண்டு. கம்பெனிவாரி, நாடுவாரி இறக்குமதிக் கணக்கு மாசாமாசம் பொதுவில் வரணும், அரசுக் கம்பெனி தனியார் கம்பெனி என்கிற பேதம் இல்லாமல். கூடவே, சந்தை விலையைவிடக் குறைச்சு வாங்கினதில் வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு மிச்சமாச்சு, அதில் பங்க் விலைக்கு எவ்வளவு வந்தது, கம்பெனிக்கு எவ்வளவு, கஜானாவுக்கு எவ்வளவு என்று நாடாளுமன்றத்தில் வைக்கணும். பெட்ரோலுக்கு 100 ரூபாய்க்கு மேல் எண்ணி வைக்கிறவனுக்கு இது தெரியணும்.

உங்க ஊர் எம்.பி.க்குக் கேள்வி எழுதுங்க. நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லுங்க. கிராமத்திலிருந்து நாங்க கேட்டா குழாய் விவகாரம், போராட்டக்காரன் என்று ஒதுக்கிடுவாங்க. வண்டி ஓட்டி, வரி கட்டி, தினம் செய்தி படிக்கிற நீங்க கேட்டா அப்படி ஒதுக்க முடியாது.