ஊரில் பேசிய வாய் மும்பையில் மூடலாமா?

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் எழுந்து, "தண்ணீர்த் தொட்டிக்கு வந்த பணம் எங்கே?" என்று கேட்கலாம். அங்கே வாக்காளர்தான் சபையின் உறுப்பினர். 1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தந்த உரிமை அது.

அதே மனிதர் பிழைப்புக்காக ரயிலேறி மும்பை வந்து, சீத்தா கேம்பில் குடியேறி, இங்கே வாக்காளரும் ஆகிவிட்டால் அந்த உரிமை என்ன ஆகிறது? வழியிலேயே தொலைந்துபோகிறது! நகரங்களுக்காக வந்த 74-ஆவது திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. மும்பையிலும் அவை அமைந்தன. ஆனால் அவற்றில் உட்காருகிறவர்கள் நகர்சேவக்குகளும் நியமனம் பெற்ற சிலரும்தான். ஓட்டுப் போட்ட நமக்கு அங்கே இடமில்லை.

"நகர்சேவக் நமக்காகப் பேசமாட்டாரா?" என்று கேட்பவர்கள் உண்டு. மும்பை மாநகராட்சியின் பதவிக்காலம் 2022 மார்ச் 7-இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓர் அதிகாரியே நிர்வாகி. 2025-26க்கு மட்டும் 74,427 கோடி ரூபாய் பட்ஜெட். நம் சார்பில் ஒரு கேள்வி கேட்க அந்த மன்றத்தில் ஒருவரும் இல்லை. நாற்காலி காலியானால் நம் வாயும் பூட்டப்படும் என்றால் இது என்ன ஏற்பாடு?

"மனு கொடுக்கலாமே" என்பார்கள் வேறு சிலர். ரயில்வேயில் வேலை செய்யும் நாம் புகார்களைப் பார்த்தவர்கள். வண்டி தாமதமானால் பயணி புகார் செய்யலாம். ஆனால் கால அட்டவணை போடும் மேசையில் அவருக்கு இடம் கிடையாது. புகார் என்பது நடந்து முடிந்த பிறகு சொல்வது. முடிவு எடுக்கும் முன்னால் பேசுவதுதான் உரிமை.

இந்த வேறுபாட்டை நம் கேம்புக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் இந்தச் சதுப்பு நிலத்துக்குத் தள்ளப்பட்டார்கள். கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் மக்களைத் திரட்டி எதிர்த்து நின்றார். ஆயினும் எங்கே போவது என்பதைப் போகிறவர்கள் முடிவு செய்யவில்லை.

அது பழங்கதையும் அல்ல. தாராவி மறுசீரமைப்புக்காக, நமக்கு அருகில் உள்ள தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கர் ஒதுக்க 2024-இல் மாநில அரசு முடிவெடுத்தது. வரவேண்டியவர்கள் தாராவி மக்கள். பக்கத்தில் வாழ்கிறவர்கள் நாம். இரு தரப்பும் எழுந்து பேச ஒரு சபை வேண்டாமா?

தோழர்களே! நாம் கேட்பது புதிய சலுகை அல்ல. நகரங்களில் பகுதி சபை அமைக்க மகாராஷ்டிர சட்டமன்றம் 2009-இலேயே சட்டம் செய்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருக்கிறது, சபை கூடவில்லை. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று நகரப் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த சபையில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. 2009 சட்டப்படி பகுதி சபைகளைக் கூட்ட வேண்டும். வார்டு குழுவில் எதைப் பேசப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே தகவல் பலகையில் ஒட்ட வேண்டும். குடியிருப்போர் பேச ஒவ்வொரு கூட்டத்திலும் நேரம் ஒதுக்க வேண்டும். மராத்தி தெரியாதவர் தமிழிலோ உருதுவிலோ பேசினால் மொழிபெயர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

நம் பங்கும் உண்டு. மராத்தி கற்ற நம் பிள்ளைகள் பெரியவர்களுக்குத் துணையாக வரட்டும். குழாயடியில் காத்து நிற்கும் பெண்கள்தான் தண்ணீர்க் கணக்கு அறிந்தவர்கள். அவர்கள் முதல் வரிசையில் உட்காரட்டும். சந்துக்குச் சந்து கையெழுத்து வாங்கத் தொடங்குவோம். எம் கிழக்கு வார்டு அலுவலகத்துக்கு நாம் போவது மனு நீட்டுவதற்காக மட்டும் அல்ல, சட்டம் சொன்ன சபையை எப்போது கூட்டுவீர்கள் என்று தேதி கேட்பதற்காக!